மீன்தொட்டியில் ஒரு விடியல்

விளக்கு என்றால் இரண்டே நிலைதான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சுவிட்சைத் தட்டினால் எரியும். மறுபடி தட்டினால் அணையும். ஆனால், சூரியன் அப்படி உதிப்பதில்லை. பால்வெட்டுக்குப் போன எவரையும் கேட்டுப் பாருங்கள். பெரட்டில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். நிரைக்குப் போய்ச் சேரும்போது மரம் தெரியும். பத்து மரம் வெட்டி முடிப்பதற்குள் பட்டையும் கோடும் தெரியும். அதன் பிறகுதான் இலையில் பச்சை நிறம் ஏறும். வெளிச்சம் நம்மிடம் சொல்லிக்கொண்டுதான் வரும்.

மீனுக்கும் அப்படித்தான். ஆற்றிலும் குட்டையிலும் கிடக்கும் மீனுக்கு இருட்டு மெல்ல விலகும், மெல்லக் கூடும். மீனுக்குக் கண்ணிமை கிடையாது. இருட்டில் அசையாமல் ஓய்ந்து கிடக்கும் மீனின் தலைக்கு மேல் திடீரென்று பளீரென்று விளக்கு எரிந்தால் அது கண்ணை மூடிக்கொள்ள முடியாது, ஓடத்தான் முடியும். கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடுவது? சுவரில் முட்டும். மூடி இல்லாத தொட்டியானால் வெளியே துள்ளி விழும்.

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இரண்டடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரருடைய தொட்டி அது. தோட்டத்தில் இருந்த காலத்தில் ஓடையிலும் லோங்காங்கிலும் செப்பாட், கப்பி, சண்டை மீன் என்று பிடித்துப் பழைய பிஸ்கட் போத்தலில் வளர்த்தவர். தோட்டம் கைமாறி, வீடமைப்புத் திட்டமாகி, நாங்கள் பட்டணத்துக்கு வந்த பின் பல ஆண்டுகள் ஜாகா வேலை பார்த்தார். வேலையை விட்ட பிறகு இந்தத் தொட்டிதான் அவருக்குத் துணை.

இதில் ஒரு சிக்கல். முப்பது வருடம் நாலு மணிக்கு எழுந்த உடம்பு, வேலை நின்றுவிட்டது என்று சொன்னால் கேட்குமா? இன்றும் நாலு மணிக்கெல்லாம் விழித்துவிடுவார். எழுந்ததும் கால் தானாகத் தொட்டியிடம் போகும், கை தானாகச் சுவிட்சைத் தட்டும். உடனே தொட்டிக்குள் ஒரே களேபரம். இரண்டு தடவை காலையில் தரையில் செப்பாட் மீன் காய்ந்து கிடந்தது. அன்றைக்கெல்லாம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, மீனுக்குப் பயந்து விளக்கைப் போடாமல் இருட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். வயதானவர் விடியும்வரை தனியே இருட்டில் உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பேரன் கொண்டுவந்த யோசனை

என் மகள் குடும்பம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. ஒரு காலத்தில் செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, பிறகு ரயில்வே குடியிருப்புகளால் நம்மவர் ஊராகிவிட்ட அதே பிரிக்பீல்ட்ஸ்தான். அவளுடைய மூத்த பையனுக்கு வயது பதினைந்து, படிவம் மூன்று. விடுமுறை என்றால் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கிள்ளானுக்கு வந்துவிடுவான்.

இந்தப் பையனைப் பற்றி வீட்டில் நல்ல பேச்சு குறைவு. பரீட்சையில் மதிப்பெண் வாங்குவதில்லை. வகுப்பில் வாய் திறப்பதில்லை. அவன் அம்மாவுக்கு அவனை அறிவியல் பிரிவில் சேர்த்து டாக்டராக்க வேண்டும் என்று ஆசை. அவன் அப்பாவுக்கு, எஸ்.பி.எம். முடித்ததும் எங்காவது கடையில் சேர்த்துவிட்டால் போதும் என்ற எண்ணம். இரண்டு பேரும் பையனைப் பற்றிப் பேசுவார்கள். பையனிடம் பேசுவது கிடையாது.

தாத்தா இருட்டில் உட்கார்ந்திருப்பதை அவன் ஒரு நாள் பார்த்தான். மறுநாள் என்னிடம் வந்தான்.

"பாட்டி, விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். காலையில சூரியன் வர்ற மாதிரி. நானே செய்யலாம்."

"எவ்வளவு ஆகும்?"

"நூத்திச் சொச்சம் வெள்ளி."

"யார் சொல்லிக் கொடுப்பா?"

"படிச்சிருக்கேன் பாட்டி."

படித்திருக்கிறேன் என்று அவன் வாயிலிருந்து வந்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் கேட்டேன். என் பணத்திலிருந்து நூற்றிருபது வெள்ளி எடுத்துக் கொடுத்தேன்.

கோலாலம்பூரில் ஜாலான் பசார் வட்டாரத்தில் மின்னணுப் பொருள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒற்றை மின்தடை முதல் ஒலிபெருக்கிவரை அங்கே கிடைக்கும். பையனோடு நானும் போனேன். அவன் கேட்டு வாங்கிய பொருள்கள் இவை: ஆர்டுயினோ ஊனோ வகைப் பலகை ஒன்று 35 வெள்ளி. நேரம் காட்டும் சிறு பலகை 9 வெள்ளி. மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்பெட் இரண்டு, 4 வெள்ளி. மின்தடைகள் ஒரு வெள்ளி. ஐந்து மீட்டர் எல்.இ.டி. பட்டை 28 வெள்ளி. பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் 24 வெள்ளி. பிளாஸ்டிக் பெட்டி 6 வெள்ளி. ஆக மொத்தம் 107 வெள்ளி. மீதி 13 வெள்ளிக்கு இருவரும் மீ கோரேங் சாப்பிட்டோம்.

பூரான் போன்ற ஒரு சில்லு

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் கறுப்பாக ஒரு சில்லு. இரண்டு பக்கமும் பதினான்கு பதினான்காக 28 கால்கள். பூரான் கவிழ்ந்து படுத்திருப்பதுபோல இருந்தது. பார்த்ததும் என் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. அதை எனக்குத் தெரியும்.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1971ஆம் ஆண்டில் நம் நாட்டில் தடையற்ற வாணிப வட்டாரங்களுக்கான சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே பினாங்கில் பாயான் லெப்பாஸிலும், இங்கே பெட்டாலிங் ஜெயாவுக்கு அருகில் சுங்கைவேயிலும் அத்தகைய வட்டாரங்கள் எழுந்தன. அமெரிக்க, ஜப்பானிய மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்குக் கண்பார்வை கூர்மையான, விரல் நடுங்காத இளம் பெண்கள் தேவைப்பட்டார்கள். கம்பத்திலிருந்து மலாய்ப் பெண்கள் வந்தார்கள். தோட்டத்திலிருந்து நாங்கள் போனோம். நம் குடும்பங்களில் எத்தனையோ பெண்கள் பால்வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய காலம் அது.

நான் 1978ஆம் ஆண்டில் பதினெட்டு வயதில் ஏறினேன். தோட்டத்துச் சந்திப்புக்கு விடியுமுன் பேருந்து வரும். சுங்கைவேயில் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்த வேலை இழை கட்டும் வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, எள்ளைவிடச் சற்றுப் பெரிதான ஒரு சிலிக்கன் துண்டிலிருந்து அதன் உலோகக் கால்களுக்குத் தங்க இழை இழுக்க வேண்டும். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூடத் தடிமன் இராத இழை. ஒரு கால் முடிந்ததும் அடுத்த கால். எல்லாக் கால்களும் முடிந்த பிறகு அது வேறு பகுதிக்குப் போகும். அங்கே கறுப்புப் பிசினால் மூடிவிடுவார்கள். அதன்பின் உள்ளே இருக்கும் தங்கம் யார் கண்ணுக்கும் தெரியாது.

பதினோரு வருடம் அந்த வேலை செய்தேன். தம்பி தங்கைகள் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால், அந்தச் சில்லு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் வானொலிக்கு என்பார், இன்னொருவர் கணக்குப் பொறிக்கு என்பார். எங்களுக்குச் சொல்லப்பட்டது எண்ணிக்கை மட்டுமே: இன்றைக்கு எத்தனை, தள்ளுபடி எத்தனை. துணி நெய்தவருக்கு அது சேலை என்று தெரியும். பால் வெட்டியவருக்கு அது டயராகும் என்று தெரியும். நான் பதினோரு வருடம் கண்ணைக் கொடுத்துச் செய்த பொருள் என்ன வேலை செய்கிறது என்று அறுபது வயதைத் தாண்டும்வரை எனக்குத் தெரியாமலேயே இருந்தது.

அன்று பேரனைக் கேட்டேன்: "இந்தக் கறுப்புப் பூச்சி என்னய்யா செய்யும்?"

அவன் எழுந்து, ஒரு தாளை எடுத்து, எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தான்.

மண்டோரும் வாய்க்கால் கதவும்

அவன் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும்.

அந்தச் சில்லு ஒரு மண்டோர். மண்டோர் தாமே மரம் வெட்டமாட்டார். யார் எப்போது எதைச் செய்வது என்று சொல்வார். சில்லுக்கும் அப்படித்தான். நாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கட்டளைகளை அது ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டே இருக்கும். மணி ஏழு ஆனதா? ஆகவில்லையென்றால் சும்மா இரு. ஆகிவிட்டதென்றால் வெளிச்சத்தை ஒரு படி ஏற்று. இப்படி ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை கேட்டுப் பார்த்துக்கொள்ளும். இந்த வகைச் சில்லுக்கு நுண்கட்டுப்படுத்தி என்று பெயர். இதைப் பள்ளிப் பிள்ளைகளும் எளிதாகக் கையாளும்படி பலகையில் அமைத்துக் கொடுத்தவர்கள் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் இருந்த ஆசிரியர்கள். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சி அது. படத்தையும் எல்லாருக்கும் திறந்து வைத்துவிட்டார்கள். அதனால்தான் இன்று குறைந்த விலையில் பல நிறுவனங்கள் அதே போன்ற பலகையைச் செய்கின்றன.

மண்டோருக்குக் குரல் உண்டே தவிர, வலு குறைவு. சில்லின் ஒரு கால் தாராளமாகத் தரக்கூடிய மின்னோட்டம் 20 மில்லி ஆம்ப் அளவுதான், அதுவும் ஐந்து வோல்ட்டில். எங்கள் தொட்டிக்கு இரண்டு வரிசை எல்.இ.டி. பட்டை வேண்டும். ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 17 வாட். அதாவது, பன்னிரண்டு வோல்ட்டில் 1.4 ஆம்ப். சில்லை நேரே இதில் கட்டினால் கருகிவிடும்.

இங்கேதான் மாஸ்பெட் வருகிறது. அது வாய்க்கால் கதவு மாதிரி. மூன்று கால்கள். ஒரு காலில் மண்டோர் சின்னக் குரல் கொடுத்தால் போதும். மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே பெரிய மின்னோட்டம் பாயும். குரல் நின்றால் ஓட்டமும் நிற்கும். இதிலும் பார்த்து வாங்க வேண்டும். சில மாஸ்பெட்டுக்கு ஐந்து வோல்ட் குரல் காது கேட்காது. பாதிதான் திறக்கும், சூடேறும். பையன் கேட்டு வாங்கியது ஐ.ஆர்.எல்.இசட்.44.என் என்ற வகை. ஐந்து வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும். பல மணி நேரம் எரிந்த பிறகும் தொட்டுப் பார்த்தேன், சூடு தெரியவில்லை.

சரி, வெளிச்சத்தை எப்படிக் குறைப்பது? வோல்ட்டைக் குறைத்தால் போதாதா என்று கேட்டேன். பழைய குண்டு பல்பு அதற்கு மங்கும். எல்.இ.டி. அப்படி ஒழுங்காக மங்காது. கொஞ்ச தூரம் குறைந்து, பிறகு சட்டென்று செத்துவிடும். ஆகவே வேறு தந்திரம். விளக்கை முழுதாக எரியவிட்டு முழுதாக அணைப்பது, அதை மிக வேகமாகச் செய்வது. இந்தப் பலகை நொடிக்கு ஏறக்குறைய 490 தடவை செய்கிறது. எரியும் நேரமும் அணையும் நேரமும் சமமானால் பாதி வெளிச்சம். நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் எரிந்தால் மினுக்கு வெளிச்சம்.

"கண்ணு சிமிட்டுறது தெரியாதா?" என்றேன்.

தெரியாது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்களே, நினைவிருக்கிறதா? அதில் ஓடியது நொடிக்கு 24 அசையாத படங்கள்தான். நம் கண் அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஓட வைத்தது. இருபத்து நான்கிலேயே ஏமாறும் கண்ணுக்கு 490 எங்கே தெரியப் போகிறது?

பாட்டியின் கை

படம் வரைந்தாகிவிட்டது. இனி இணைப்பு. பலகையின் ஒன்பதாம் முனையிலிருந்து 220 ஓம் மின்தடை வழியாக மாஸ்பெட்டின் வாசல் காலுக்கு ஒரு கம்பி. வாசல் காலிலிருந்து தரைக் கம்பிக்குப் பத்தாயிரம் ஓம் மின்தடை ஒன்று. சில்லு விழித்துக்கொள்ளும் முன் விளக்கு தன்னிச்சையாக எரியாமல் இருக்க இது. பட்டையின் நேர்முனை அடாப்டரின் நேர்முனைக்கு. பட்டையின் எதிர்முனை மாஸ்பெட் வழியாகத் தரைக்கு. அடாப்டரின் எதிர்முனையும் பலகையின் தரைக் கம்பியும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்டோர் குரல் கதவுக்குப் போய்ச் சேராது.

எல்லாம் சரிதான். ஆனால், ஈயம் பற்றவைக்கும்போது பையன் கை நடுங்கியது. ஈயம் உருண்டையாகி உதிர்ந்தது. ஒரு காலில் ஒட்டவேண்டியது இரண்டு காலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டது. முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு எதுவும் வராது பாட்டி" என்றான். அந்த வார்த்தையை அவன் யாரிடமிருந்து கற்றான் என்று எனக்குத் தெரியும்.

"தள்ளுய்யா" என்றேன்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஈயத்தைச் சூடு காட்ட வேண்டியதில்லை. கம்பிக்கும் காலுக்கும் சூடு காட்ட வேண்டும். அவை சூடேறினால் ஈயம் தானாக ஓடி ஒட்டிக்கொள்ளும். மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மூச்சை வெளியே விடும்போது கையை நகர்த்த வேண்டும், இழுக்கும்போது அல்ல. சுங்கைவேயில் முதல் வாரம் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். 1989இல் வேலையை விட்டேன். அதற்குப் பிறகு ஊசியில் நூல் கோர்த்ததைத் தவிர அந்தக் கைக்கு வேலை இல்லை. ஆனால், கை மறக்கவில்லை. முதல் கால் பளபளவென்று ஒட்டியது.

பையன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாட்டி, நீங்க இதெல்லாம் செஞ்சிருக்கீங்களா?"

"இதைச் செய்யலை. இதுக்குள்ள இருக்கிறதைச் செஞ்சேன்."

கறுப்புப் பூச்சியின் 28 கால்களுக்கும் உள்ளே ஒரு கை இழுத்த இழை போல இழைகள் இருக்கும் என்று சொன்னேன். அவன் அந்தச் சில்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு அது என்ன செய்யும் என்று தெரிந்திருந்தது, எப்படிச் செய்தார்கள் என்று தெரியாது. எனக்கு எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்திருந்தது, என்ன செய்யும் என்று தெரியாது. அன்று மதியம் இருவரும் ஆளுக்குப் பாதியைக் கொடுத்து முழுதாக்கிக்கொண்டோம். மீதிக் கால்களை அவனே ஒட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து "மூச்சை விடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழு மணியா, ஆறரை மணியா?

நேரம் காட்டும் பலகையில் டி.எஸ்.3231 என்ற சில்லு. பொத்தான் அளவு பாட்டரி ஒன்றில் ஓடும். மின்சாரம் போய் வந்தாலும் மணி தவறாது. வருடத்துக்கு ஒரு நிமிடம் போல முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்.

விடியல் எத்தனை மணிக்கு என்று பையன் கேட்டான். "ஆறரைக்கு" என்றார் அவர் நாற்காலியிலிருந்து. "இல்ல தாத்தா, ஏழுக்கு மேலதான் சூரியன் வருது" என்றான் பையன். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதற்கு முன் வெட்டுக்காட்டில் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே உதித்த சூரியன், அதற்குப் பின் ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவே உதிக்கிறது. அவர் உடம்பு பழைய கடிகாரத்திலேயே நின்றுவிட்டது.

முதல் நாள் சோதனையில் வெளிச்சத்தைச் சமமாக ஏற்றினான். சுழியத்திலிருந்து 255வரை படிகள். 45 நிமிடத்தில் ஏறும். பார்த்தால் பத்து நிமிடத்துக்குள் முழு வெளிச்சம் வந்துவிட்டதுபோல் இருந்தது. மீதி நேரம் எதுவும் நடக்காததுபோல் இருந்தது. காரணம் நம் கண். இருட்டில் ஒரு மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இன்னொன்றை ஏற்றினால் பளிச்சென்று தெரியும். நூறு மெழுகுவர்த்தி எரியும் இடத்தில் இன்னொன்றை ஏற்றினால் யாருக்குத் தெரியும்? ஆகவே தொடக்கத்தில் மிக மெல்ல ஏற்றி, போகப் போக வேகமாக ஏற்ற வேண்டும். பையன் வர்க்கக் கணக்கைப் போட்டான். பாதி நேரம் கடந்தபோது பாதி வெளிச்சம் அல்ல, கால் பங்கு, 255க்கு 64. கணக்கில் எப்போதும் தோற்கும் பையன் இதைத் தானே தாளில் போட்டு வரைந்தான். எதற்கு என்று தெரிந்தால் கணக்கு வருகிறது.

அதன்பின் அவன் யாரும் கேட்காத ஒன்றைச் செய்தான். ஒரு சிறு பொத்தானைத் தாத்தாவின் நாற்காலிக் கைப்பிடியில் பொருத்தினான். இரவில் எந்த நேரத்திலும் அதை அழுத்தினால் விளக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு நிலா வெளிச்சம் அளவுக்கு எழும். 255இல் மூன்றே படி. இருபது நிமிடம் கழித்துத் தானாக இறங்கி அணையும். மீனும் மிரளாது, தாத்தாவும் இருட்டில் இருக்க வேண்டாம்.

மறுநாள் நாலு மணிக்கு அவர் எழுந்த சத்தம் கேட்டு நானும் எழுந்தேன். பொத்தானை அழுத்தினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பாசி தெரிந்தது. பிறகு மீன்களின் நிழல். ஒன்றுகூட ஓடவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "பையனை எழுப்பாதே, தூங்கட்டும்" என்றார்.

கவனிக்க வேண்டியவை

இதைப் படித்துவிட்டு வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது மின்சாரத்துக்கும் பொருந்தும். சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட். தண்ணீருக்குப் பக்கத்தில் அது ஆளைக் கொல்லும். ஆகவே பிள்ளைகள் கை வைப்பது அடாப்டருக்கு இந்தப் பக்கம் உள்ள பன்னிரண்டு வோல்ட்டோடு நிற்க வேண்டும். சிரிம் முத்திரை உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். அதைத் திறக்காதீர்கள். எங்கள் பட்டைக்கு 1.4 ஆம்ப் தேவை. நாங்கள் வாங்கியது மூன்று ஆம்ப் அடாப்டர். பன்னிரண்டு வோல்ட் கம்பியில் இரண்டு ஆம்ப் பியூஸ் ஒன்றையும் போட்டோம். எல்லாக் கம்பியும் பிளக்கை அடையும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. பெட்டியைத் தொட்டிக்கு மேலே வைக்காமல் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். வீட்டு மின்பெட்டியில் உள்ள இ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், மீன் பிறகு. ஈயம் பற்றவைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடித்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள். விளக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்து மணி நேரத்துக்கு மேல் எரிந்தால் தொட்டியில் வேண்டாத பாசி பிடிக்கும்.

பையன் எங்கே போவான்?

தொட்டியைப் பார்க்க மகளும் மருமகனும் வந்தார்கள். சாயங்காலம் ஏழே கால் மணி. வெளியே சூரியன் இறங்க, உள்ளே விளக்கும் இறங்கியது. மருமகன் பெட்டியைத் திறந்து பார்த்தார். "இதை எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். பையன் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். "உங்க மகன்கிட்ட கேளுங்க" என்றேன். பையன் சொல்ல ஆரம்பித்தான். அரை மணி நேரம் சொன்னான். அவன் அம்மா இடையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்று இரவு மகளிடம் நான் சொன்னது இது: "டாக்டர் படிப்பு நல்ல படிப்புதான்மா. ஆனா, அது உன் ஆசை. இந்தப் பையன் கையில என்ன இருக்குன்னு இன்னைக்குப் பார்த்தியா?"

அவள் அழுதாள். தோட்டத்தில் கைவேலை என்றால் கூலி வேலை என்று பெயர். அந்தப் பெயரிலிருந்து பிள்ளையை மீட்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். அதில் தப்பில்லை. ஆனால், இன்றைய கைவேலை வேறு. படிவம் மூன்று முடித்தவர்கள் தொழிற்கல்லூரிக்கு, அதாவது கோலேஜ் வொகேஷனலுக்கு, மனுச் செய்யலாம். எஸ்.பி.எம்.முக்குப் பிறகு பாலிடெக்னிக் இருக்கிறது. மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. ஷா ஆலத்தில் அட்டெக் இருக்கிறது. எஸ்.கே.எம். என்னும் திறன் சான்றிதழில் மூன்று நிலைகள் ஏறிவிட்டால், நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. நம் பிள்ளைகள் பலருக்கு இந்த வாசல்கள் இருப்பதே தெரிவதில்லை. தெரியும்போது மனுச் செய்யும் தேதி போய்விடுகிறது. பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

எங்கள் பையனுக்கு மனுப் போட்டிருக்கிறோம். மின்னணுப் பிரிவு. தொட்டியின் படத்தையும் அவன் வரைந்த தாளையும் கோப்பில் வைத்துக் கட்டியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கிடைக்காவிட்டால் எஸ்.பி.எம். எழுதிவிட்டு மறுபடி முயற்சி செய்வது என்று நால்வரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பேச்சில் பையனும் இருந்தான் என்பதுதான் எனக்குப் பெரிது.

சுங்கைவேக்கும் பிற தொழிற்சாலைகளுக்கும் பேருந்து ஏறிய தாய்மார்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது பாட்டிமார்கள் ஆகியிருப்பீர்கள். உங்கள் பேரப்பிள்ளை ஏதாவது பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், குப்பை போடாதே என்று விரட்டுமுன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். இது என்ன செய்யும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள். பிறகு உங்கள் கையைக் காட்டுங்கள்.